மேற்குப் பக்கத்துக் கல்

ஜனவரி 28, ஞாயிறு

இன்று குண்டடம் தோட்டத்தில் இருந்தவர்கள்: என் மகன் தங்கதுரை. அவன் பெண்டாட்டி ஜெயசுதா. பேத்தி தேஜஸ்ரீ. என் வீட்டுக்காரரின் தம்பி அழகுமலை. மண்டபம் கட்டப் போகிற இன்ஜினியர் சிவராஜ். அப்புறம் நான், பழனாயி. இத்தனை பேர் முன்னால்தான் எனக்கு ஞாபகம் போய்விட்டது என்று என் மகன் சொன்னான். யார் சிரித்தார்கள், யார் குனிந்துகொண்டார்கள் என்பதையும் பார்த்து வைத்திருக்கிறேன். பின்னால் ஒருவரும் நான் அன்றைக்கு அங்கே இல்லை என்று சொல்லக் கூடாது. அதற்காகத்தான் சாயக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரியை எடுத்து எழுதுகிறேன். ஐந்தாவது படித்தவள் எழுத்து இப்படித்தான் இருக்கும்.

தோட்டத்தில் எங்கள் பெரிய வீடு இருந்த இடத்திலேயே கல்யாண மண்டபம் வருகிறது. மாமனாரின் அப்பா கட்டிய வீடு. சுண்ணாம்புச் சுவர், ஓட்டுக் கூரை, நெற்றியில் 1931 என்று வருசம். அக்கம்பக்கத்தில் வேறு வீடு கிடையாது. கூரை விழுந்து, மெஷின் விட்டு இடித்து ரொம்ப நாள் ஆயிற்று. இப்போது அதே மாதிரி முகப்பு வேண்டுமாம், வருகிற ஜனம் நின்று போட்டோ எடுக்குமாம். எங்களிடம் இருக்கிற போட்டோக்களில் எல்லாம் மூஞ்சிதான் இருக்கிறது, வீடு இல்லை. முழு வீடும் இருப்பது ஒரே படத்தில். மெட்ராஸிலிருந்து வந்த ஓவியர் ஒருவர் செம்புத் தகட்டில் ஊசியால் கீறிக்கொண்டு போய், காகிதத்தில் அச்சடித்து அனுப்பிய படம். அருள்புரம் கம்பெனியில் தங்கதுரையின் ரூமில் தொங்கியது. கழற்றிக் காரில் கொண்டுவந்திருந்தான்.

வீடு வடக்குப் பார்த்தது. அதன் மேற்குச் சுவர் ஓரம் என் மூத்த பெண் கிடக்கிறாள். பேர் தெய்வாத்தாள், என் மாமியார் பேர். தவழ ஆரம்பித்த சமயத்தில் காய்ச்சலில் போனாள். மேலே ஒரு கல் நட்டோம். ஆடிப் பதினெட்டுக்கு ஒரு சின்னப் பாவாடையும் வளையலும் அதன்மேல் வைப்பேன். வீட்டை இடித்தபோது மெஷின் கல்லையும் சேர்த்து வாரிக்கொண்டு போயிற்று. இடத்தை வார முடியுமா? நான் கேட்டது ஒன்றே ஒன்று. எதை வேண்டுமானாலும் கட்டுங்கள், அந்த மூலையை விட்டுவிடுங்கள்.

விடுகிறேன் என்றான். பாப்பாவுக்குச் சின்னதாகக் கோயிலே கட்டித் தருகிறேன் என்றான். எந்த மூலை என்றதும்தான் வந்தது வினை. படத்தில் கல் இடது பக்கம் இருக்கிறது. வாசலுக்கு எதிரே நின்று வீட்டைப் பார்த்தால் இடது பக்கம் கிழக்கு.

மேக்கால பக்கம் சாமி, படம் தப்பு என்றேன். பனியனில் படம் அச்சடிக்கிற யூனிட் வைத்திருக்கிறவன் அல்லவா. மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி விளக்கினான்.

"அம்மா, ப்ரிண்ட் திருப்பி விழுந்திருந்தா மொதல்ல எழுத்துதான் காட்டிக் குடுக்கும். நாங்க பீஸ் கையில எடுத்ததும் அதைத்தான் பாப்போம். 1931 நேராத்தானே இருக்குது? எழுத்து நேருன்னா படமும் நேரு."

அம்மாவுக்கு ஞாபகம் போயிருச்சு என்று சிவராஜிடம் சொன்னான், ஜெயசுதா சிரித்தாள். கிழக்கு மூலை ஈசானியம், கோயில் அங்கேதான் வர வேண்டும், வடமேற்கு கக்கூஸுக்கு உள்ள மூலை, படமும் வாஸ்துவும் ஒன்றாகவே சொல்கின்றன என்றான் சிவராஜ். கிழக்கு மூலை என்று சொல்லச் சொல்ல ஜெயசுதா முகம் மலர்ந்தது. கடைசியில் அழகுமலையைப் பார்த்தேன். குழி வெட்டியபோது பக்கத்தில் நின்றவர்.

"எனக்கும் கெழக்காலன்னுதான் ஞாபகமுங்க நங்கை," என்றார்.

அண்ணன் பெண்டாட்டியை நங்கை என்று கூப்பிடும் மரியாதைக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

ஜனவரி 29

தூக்கமில்லை. அழகுமலைக்கு ஞாபகம் இருப்பது வீடு இல்லை, படம். கம்பெனிக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துப் பார்த்து உள்ளே இருந்த வீடு அழிந்துவிட்டது. தங்கதுரை ஐந்து வயதில் திருப்பூருக்கு வந்தவன், அவனுக்கும் அதே கதை. அந்தப் படத்தை அடிக்கடி பார்க்காதவள் நான் ஒருத்திதான். எம்.டி. ரூமுக்குள் கிழவிக்கு என்ன வேலை?

படம் தபாலில் வந்த நாளிலேயே சொன்னேன், எங்கேயோ கோணலாக இருக்கிறது என்று. வரைந்தவன் படித்தவன், நீ பேசாமல் இரு என்றார் என் வீட்டுக்காரர். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பேச்சு இங்கேயே இருக்கிறது.

பிப்ரவரி 11

கோயமுத்தூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். காலுக்குப் பார்க்க என்று சொல்லித்தான். உள்ளே போனால் அவர் காலைத் தொடவே இல்லை. இன்று என்ன கிழமை, இது எந்த ஊர், நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வாங்க அம்மா. நான் எந்தக் காலத்தில் ஏழேழாகக் கழித்தேன்? ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். வரைந்தேன். முள் எங்கே என்றார். மணி கேட்கவில்லையே, கடிகாரம்தானே கேட்டீர்கள் என்றேன். அவர் ஜெயசுதாவைப் பார்த்தார். ஜெயசுதா தலையை ஆட்டினாள்.

ஆரம்பம்தானாம். மாத்திரை போட்டால் அப்படியே நிற்குமாம்.

எது அப்படியே நிற்கும்? கேட்க ஆளில்லை.

பிப்ரவரி 12

காலைக் காப்பியோடு ஒரு வெள்ளை மாத்திரை. கொடுக்கிற வேலை தேஜஸ்ரீக்கு. "போட்டுக்குங்க அப்பாயி" என்று கையில் வைத்து, விழுங்கும்வரை நின்றாள். அவள் கொடுத்ததால் போட்டேன். ஜெயசுதா கொடுத்திருந்தால் செடிக்குப் போயிருக்கும்.

மார்ச் 3

தேஜஸ்ரீ டிசைன் காலேஜில் படிக்கிறாள். ஏதாவது ஒரு பழைய கட்டடத்தின் அச்சுப் படத்தை எடுத்து ஆய்வு எழுத வேண்டுமாம். எங்கள் வீட்டுப் படத்தையே எடுத்துக்கொண்டாள். நாங்கள் குடியிருக்கிற நல்லூர் வீட்டுக்கு அதைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசைமேல் படுக்கப்போட்டு, என்னையும் பக்கத்தில் உட்காரவைத்தாள். இந்த மாதிரிப் படத்துக்கு எட்சிங் என்று பேர். நான் கீறல் படம் என்றே சொல்கிறேன்.

"கதை எழுதக் கூடாதாம் அப்பாயி. கோடு, வெளிச்சம், கனம். கண்ணுக்குத் தெரியறதை மட்டும் எழுதோணும்."

கண்ணுக்குத் தெரிவதை மட்டும் நம்புகிறவர்கள்தான் கண்ணு இந்த வீட்டில் எல்லோரும் என்றேன். சிரித்தாள்.

துணியில் இழை எண்ணுகிற லென்ஸைக் கொடுத்தாள். குனிந்து பார்த்தேன். கிட்டே போனால் வீடே இல்லை, வெறும் கீறல். சுவரை அந்த ஆள் வரையவே இல்லை. ஓட்டுக்குக் கீழே இருட்டை மட்டும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டு மிச்சக் காகிதத்தைச் சும்மா விட்டிருக்கிறார். விட்ட இடம் சுண்ணாம்புச் சுவராக நிற்கிறது. தள்ளி உட்கார்ந்தால் கை வைத்தால் வெள்ளை ஒட்டும் போல இருக்கிறது. கெட்டிக்காரன்தான், இல்லை என்று சொல்ல முடியாது.

அவள் எழுதியதைப் படித்துக் காட்டினாள். வலது பக்கம் பனைமரம் நெட்டுக்கு நிற்கிறது. கூரை படுக்கைவாட்டில் ஓடுகிறது. கூரையின் சரிவு கண்ணைப் பிடித்து இழுத்து இடது கோடியில், சுவர் அடியில், ஒரு சின்னக் கறுப்பில் கொண்டுபோய் விடுகிறது. படத்திலேயே அதிகமாகக் கீறப்பட்ட இடம் அதுதான். பனைமரத்துக்குச் சரி எடை. அந்தக் கறுப்பைக் கட்டைவிரலால் மறைத்துக் காட்டினாள். நிஜம்தான், வீடே வலது பக்கம் சாய்கிற மாதிரி ஆகிவிட்டது. விரலை எடுத்தாள், நிமிர்ந்தது.

அந்தக் கறுப்பு என் பாப்பா.

லென்ஸை அதன்மேல் நகர்த்தினேன். கல்லின் தலையில் ஒரு பொட்டு வெள்ளை. அதை மட்டும் கீறாமல் விட்டிருக்கிறார். அது வெளிச்சம் பட்ட இடம் என்று இவள் எழுதியிருந்தாள்.

அது வெளிச்சம் இல்லை, பாவாடை. சிவப்புப் பாவாடை, முந்தின ஆடிக்கு நான் தைத்து வைத்தது. இது என்ன என்று அந்த ஓவியர் கேட்டார். என் வீட்டுக்காரர், ஒன்றுமில்லைங்க, கல்லுங்க என்றார். நான் அடுப்படி ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கல்லுங்க என்றார். பெற்றவர். அந்த ஆள் ஊசியை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டார். ஆனால் பாவாடையை விட்டுவிடாமல் போட்டிருக்கிறார். யாரோ ஒரு மெட்ராஸ்காரன்.

மார்ச் 4

இன்றும் படத்தோடு உட்கார்ந்தோம். இன்றைக்கு நிழல்.

நிழல் எல்லாம் இடது பக்கம், அதாவது கிழக்கே விழுகிறதாம். அப்படியென்றால் பொழுது மேற்கே இருந்திருக்க வேண்டும்.

"சாயங்காலம் வந்து வரைவாரா அப்பாயி?"

எங்கே. விடிந்ததும் வந்து உட்காருவார். வெயில் ஏறினால் தகட்டின் மேல் பூசின மெழுகு இளகுகிறது என்று மூடி வைத்துவிடுவார். மத்தியானம் எங்கள் சோற்றைத் தின்றுவிட்டுப் புளியமரத்தடியில் பொழுது இறங்கும்வரை தூக்கம். ஒரு நாளும் சாயங்காலம் ஊசியைத் தொட்டதில்லை. வைகாசி மாதம். மோர் மோராகக் கேட்பார்.

மோரைச் சொன்னதும் கண்ணாடி ஞாபகம் வந்துவிட்டது. அதையும் சொன்னேன். எனக்குச் சீரில் வந்த முகம் பார்க்கிற கண்ணாடி. கொஞ்சம் கொடும்மா என்று வாங்கிப் போனவர், இரண்டு நாள் வாசலில் வைத்துக்கொண்டு, தகட்டையும் அதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு இருந்தார். ஆம்பளைக்கு எதற்கு இத்தனை அழகு பார்க்கிற வேலை என்று நானும் மாமியாரும் சிரித்தோம். திருப்பித் தரும்போது ஒரு முனை உடைந்திருந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் அலமாரியில் இன்னும் இருக்கிறது, முனை இல்லாமல்.

தேஜஸ்ரீயின் பேனா நின்றுவிட்டது. படத்தைத் தூக்கி 1931-ஐ உற்றுப் பார்த்தாள். என்ன கண்ணு என்றேன். ஒன்றுமில்லை, தலைவலிக்கிறது அப்பாயி என்று படத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

மார்ச் 9

பேத்தி என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பரீட்சையாம். மாத்திரை மட்டும் தவறாமல் வருகிறது.

மே 9

நாளைக்கு வடமேற்கில் கக்கூஸ் வரிசைக்குக் கான்கிரீட் ஊற்றுகிறார்கள். சாப்பிடும்போது தங்கதுரையிடம் இன்னொரு தடவை கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதுகிறேன். இந்த வாயால் யாரிடமும் கெஞ்சினதில்லை. தெக்கால தள்ளிக் கட்டு சாமி, பாப்பா அங்கே இருக்கா.

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. குழந்தையிடம் பேசுகிற மாதிரி, "பாப்பா கெழக்கால இருக்குதுங்கம்மா, கோயிலுக்கு அஸ்திவாரமே போட்டாச்சு," என்றான். பிறகு மகளைப் பார்த்தான். "நீதான அந்தப் படத்தைப் பத்தி எழுதுனவ. அப்பாயிக்கு நீயே சொல்லு."

தேஜஸ்ரீ தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எழுத்து நேராத்தான் இருக்குதுப்பா."

அவ்வளவுதான். எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

படித்த பிள்ளையும் சொல்லிவிட்டது. இனி யார் இருக்கிறார்கள்?

மே 10

ஊற்றிவிட்டார்கள்.

ஜூன் 17

தலை சுற்றல். பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து போனேன். பொங்கி வழிந்தது. ஜெயசுதா ஒன்றும் சொல்லவில்லை, துடைத்தாள். சொல்லாமல் துடைக்கிறாள் பாருங்கள், அதில்தான் எல்லாம் இருக்கிறது. பிறகு போனில் அவள் அம்மாவிடம், அத்தைக்கு முத்திக்கிட்டே வருது என்றது எனக்குக் கேட்டது. ஞாபகம்தான் போயிருக்கிறது, காது போகவில்லை.

ஆகஸ்ட் 3, ஆடிப் பதினெட்டு

தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். கிழக்கு மூலையில் கோயில் எழும்பிவிட்டது. கிரானைட் மேடை, புதுக் கல், டைல்ஸ். வீட்டு முகப்பும் எழும்பிவிட்டது. படத்தைப் பெரிதாக்கிக் கோட்டுக்குக் கோடு சிமெண்டில் செய்திருக்கிறார்கள். பனைமரம்கூட, படத்தில் இருக்கிற பக்கத்திலேயே, எங்கிருந்தோ பிடுங்கி வந்து நட்டிருக்கிறார்கள்.

அதன் எதிரில் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

எழுதக் கை கூசுகிறது. ஆனால் எழுத வேண்டும் என்றுதானே ஆரம்பித்தேன். பனைமரம் அந்தப் பக்கம்தான் இருந்ததோ? அடுப்படி ஜன்னலிலிருந்து கல் தெரியும். அந்த ஜன்னல் எந்தப் பக்கம்? கண்ணை மூடினேன். சுவர் வருகிறது, ஜன்னல் வருகிறது, பிறகு எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிச் சிமெண்டு வீடாக வந்து நிற்கிறது. ஐம்பது வருசமாகக் கலையாதது ஆறு மாதத்தில் கலைந்துவிட்டது.

கிழக்கு மூலையில் பாவாடையை வைத்தேன். வளையல் வைத்தேன். அம்மா தப்பா நெனச்சுட்டேன் சாமி, நீ எங்க கெடக்கறன்னே தெரியாம இத்தன நாளும் வேற பக்கம் சொல்லிட்டிருந்தேன், கோவிச்சுக்காத. இதைச் சொல்லித்தான் அழுதேன். பின்னால் தேஜஸ்ரீ தேங்காய்த் தட்டோடு நின்றிருந்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டுக் காருக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 4

எனக்குத்தான் ஞாபகம் மாறிவிட்டது. தங்கதுரையிடம் சொல்லிவிட்டேன். "அப்பாடா" என்றான்.

நவம்பர் 24, ஞாயிறு

மண்டபம் திறந்தாயிற்று. ஊரே வந்தது. முகப்பின் எதிரே வரிசையாக நின்று போட்டோ எடுத்தார்கள். அழகுமலை, எங்க பெரிய ஊடு அப்படியே வந்திருக்குது என்று ஒவ்வொருவரையும் பிடித்துச் சொன்னார். கீறல் படத்துக்குப் புதுச் சட்டம் போட்டு உள்ளே நுழைகிற இடத்தில் மாட்டியிருக்கிறார்கள். கோயிலில் என்னை விளக்கு ஏற்ற வைத்தார்கள். ஏற்றினேன்.

மேற்குப் பக்கம் பட்டுச் சேலைக்காரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவு திறக்கக் காத்து நின்றார்கள். புதுக் கட்டடம், அதற்குள் நாற்றம். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்க எனக்கு என்ன இருக்கிறது?

நவம்பர் 25

இன்று காலை மாத்திரையோடு வந்தவள் கொடுக்காமல் நின்றாள். காலேஜில் அவள் ஆய்வுக்குத்தான் பரிசாம். எல்லோரும் கை தட்டினார்களாம். அதைச் சொல்லி அழுதாள். பரிசுக்கு எதற்கு அழுகை என்று கேட்டேன்.

"அப்பாயி, அந்தப் படம் திரும்பித்தான் இருக்குது. கல்லு மேக்கால பக்கம்தான். நீங்க சொன்னதுதான் சரி."

எனக்கு முதலில் காதில் ஏறவில்லை. அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஓவியர் வீட்டைப் பார்த்துத் தகட்டில் நேராகக் கீறியிருக்கிறார். தகட்டின்மேல் காகிதத்தை வைத்து அழுத்தினால் இடது வலதாகிவிடும். வருசத்தை மட்டும், படிக்க முடியாமல் போய்விடுமே என்று, கண்ணாடியில் பார்த்துத் திருப்பி எழுதியிருக்கிறார். அதற்குத்தான் என் கண்ணாடி. அச்சில் எழுத்து மட்டும் நேரானது, வீடு திரும்பிவிட்டது. காலை நிழல் மாலை நிழலாகத் தெரிந்ததும் அதனால்தான். இதையெல்லாம் ஆய்வில் எழுதித்தான் பரிசு வாங்கியிருக்கிறாள்.

எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"கண்ணாடி கதை சொன்னீங்கல்ல. அன்னிக்கே."

அன்றைக்கு மார்ச் நாலு. டைரியில் இருக்கிறது.

அப்பாவை நினைத்து இவளுக்குப் பயமாம். பூஜை போட்டாயிற்று, எல்லாம் நின்றுவிடும் என்று பயமாம். அப்புறம், அப்பாயிக்குக் கும்பிட ஒரு இடம் இருந்தால் போதாதா என்று நினைத்தாளாம். ஆடியில் நான் பாப்பாவிடம் மன்னிப்புக் கேட்டதைப் பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லையாம். அதற்கு அப்புறமும் மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்றே கண்ணு. கேட்கவில்லை நான். மாத்திரையை அவள் கையிலேயே மடித்து வைத்தேன். போ என்றேன்.

நவம்பர் 27

அவளே அப்பனிடம் சொல்லிவிட்டாள். தங்கதுரை வந்து என் கட்டிலில் உட்கார்ந்தான்.

"எழுத்து நேரா இருந்துச்சேம்மா," என்றான்.

மண்டபத்துக்குத் தை வரைக்கும் ஆள் பதிந்திருக்கிறார்களாம். அதற்கப்புறம் இடிக்க முடியுமா என்று சிவராஜிடம் கேட்கிறேன் என்றான். கேட்க மாட்டான். எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

டிசம்பர் 8

என்னை மண்டபத்தில் கொண்டுபோய் விடச் சொன்னேன். முகூர்த்தம் இல்லாத நாள், பெருக்குகிறவள் மட்டும் இருந்தாள். முனை உடைந்த கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுபோயிருந்தேன். படத்துக்கு முதுகைக் காட்டி நின்று கண்ணாடியை உயர்த்தினேன். அதில் 1931 திரும்பிக் கிடந்தது. வீடு நேராகிவிட்டது. பனைமரம் கிழக்கே போயிற்று. அடுப்படி ஜன்னல் இருந்த பக்கம் வந்தது. கல் மேற்கே, பாவாடையோடு. கண்ணை மூடினேன், அப்படியே நின்றது. இனிப் போகாது.

பிறகு மேற்கே நடந்து, கக்கூஸ் சுவருக்கு வெளியே, மண் தெரிகிற இடத்தில் வளையலை வைத்துவிட்டு வந்தேன். பெருக்குகிறவள் பார்த்தாள். எடுத்துப் போட்டாலும் போடுவாள்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். அழகுமலை படத்தைப் பார்த்து ஏமாந்தவர், போகட்டும். சிவராஜ் சொன்னதைக் கட்டினவன். ஜெயசுதா கேலி பேசினாள், ஆனால் மெய்யாகவே நம்பித்தான் பேசினாள். தங்கதுரை எழுத்தை நம்பினான். வீம்புக்காரன், என் வயிற்றில் பிறந்தவன் வேறு எப்படி இருப்பான்? கல்லுங்க என்று சொன்ன என் வீட்டுக்காரரைக்கூட இன்றைக்கு விட்டுவிட்டேன். அந்நிய மனுசன் முன்னால் அழுதுவிடுவோம் என்று அப்படிச் சொல்லியிருக்கலாம்.

இவர்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தவள் ஒருத்திதான். என் ஞாபகம் சரி என்று தெரிந்துகொண்டே, காலையில் காப்பி ஆறுவதற்குள் மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்து, விழுங்குகிற வரைக்கும் நின்று பார்த்தவள்.

தேஜஸ்ரீ.